ஏழை என்பதற்கு ஓர் ஓலை

வடகாவூரை ஆண்ட கீர்த்திகேசரி மன்னருக்குத் தாராளமான கை. கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் மட்டும் கிடையாது. நாட்டில் வைத்தியர்கள் குறைந்துவிட்டார்கள் என்று ஒரு வைத்தியக் கல்விச்சாலை கட்டினார். ஏழைகளும் படிக்கட்டும் என்று அதற்கு ஒரு களஞ்சியம் நிறைய நெல்லும் விட்டார். களஞ்சியத்துக்கு அதிகாரியாக வந்தவர் திருமேனிநாதர். வந்தவர் முதல் வேலையாக விதி எழுத உட்கார்ந்தார். எழுதினார், எழுதினார், நாற்பத்தேழு ஓலைக்கு எழுதினார். மன்னர் படித்துப் பார்க்காமலே முத்திரை வைத்தார்.

மூன்று வருஷம் போயிற்று. ஒருநாள் காலை, மன்னருக்கு யோசனை சொல்லும் மயிலேறி அந்த வழியாக அரண்மனைக்குப் போய்க்கொண்டிருந்தார். கல்விச்சாலை வாசலில் பேச்சுக்குரல் கேட்டு நின்றார். அதிகாரி முன்னால் ஓர் இளம்பெண். பெயர் செங்கமலம். கால் முழுக்கப் புழுதி.

"ஏழை என்பதற்கு அத்தாட்சி?" என்றார் அதிகாரி.

அவள் ஊர் மணியக்காரர் எழுதிய ஓலையை நீட்டினாள். அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஓலை புத்தம் புதுசாக இருக்கிறதே! இவ்வளவு நல்ல ஓலை வாங்கியவள் எப்படி ஏழையாவாய்?"

"மணியக்காரர் கொடுத்தது ஐயா."

"மணியக்காரரே ஓலை கொடுக்கிற அளவுக்குச் செல்வாக்கா? சரி, எப்படி வந்தாய்?"

"நடந்துதான். மூணு நாள் ஆச்சு."

"வண்டியில் வந்திருந்தால் வசதிக்காரி என்று தள்ளியிருப்பேன். மூன்று நாள் நடக்கத் தெம்பிருந்தால் உழைத்துப் பிழைக்கலாமே? போகட்டும், உன் தகப்பனாரின் சம்மத ஓலை எங்கே?"

"அவர் செத்து ஆறு வருஷமாச்சு."

"அப்படியானால், செத்துப்போனதாக அவர் கைப்பட எழுதி வாங்கி வா. இன்று அந்திக்குள் வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான்."

செங்கமலம் அழவில்லை. ஓலையைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். மயிலேறி பக்கத்தில் போய், "எதற்கம்மா வைத்தியம் படிக்க வந்தாய்?" என்று கேட்டார்.

"எங்க ஊர் ஆத்துக்கு அக்கரை ஐயா. வைத்தியர் இருக்கிறது இக்கரையில. என் புருஷன் ஓடக்காரர். அவரைப் பாம்பு கடிச்சுது. வைத்தியரைக் கூட்டி வர ஓடம் போகணும். அப்போ ஓடம் தள்ளத் தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான்."

மயிலேறி, "அந்தி வரைக்கும் இங்கேயே இரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று அவைக்குப் போனார்.

அவையில் மன்னரிடம் விஷயத்தைச் சொன்னார். மன்னர் திருமேனிநாதரை வரவழைத்தார்.

"மூன்று வருஷத்தில் எத்தனை பேருக்கு உதவி கொடுத்தீர்?"

"தகுதியில்லாத ஒருவருக்கும் கொடுக்கவில்லை அரசே!" என்றார் அதிகாரி, நெஞ்சை நிமிர்த்தி.

"தகுதியுள்ளவருக்கு?"

"அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை அரசே."

மன்னருக்கு எரிச்சல்தான். ஆனால் என்ன செய்வார்? "என் முத்திரை விழுந்த விதி. நானே மீறினால் நன்றாயிராது. மயிலேறி, விதியில் ஓர் எழுத்து மாறாமல், தகுதியுள்ள ஒரு மாணவரை அந்திக்குள் காட்டும். காட்டினால் விதியைத் திருத்துகிறேன். இல்லையென்றால் இந்தப் பேச்சை இனி எடுக்காதீர்."

அதிகாரி மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மயிலேறி நாற்பத்தேழு ஓலையையும் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். இருபதாவது ஓலையில் தலை வலித்தது. நாற்பதாவதில் கண் சொருகியது. கடைசி ஓலையில் விழித்துக்கொண்டார்.

பொழுது சாயும் நேரம் அவைக்கு வந்தார். செங்கமலமும் பின்னால் வந்து ஓரமாக நின்றாள்.

"மாணவர் கிடைத்துவிட்டார் அரசே. மூன்று வருஷமாக மாதம் தவறாமல் அந்தக் களஞ்சிய நெல்லை வாங்கிக்கொண்டும் இருக்கிறார்."

"யார் அது?"

"இதோ, நம் திருமேனிநாதர்."

அதிகாரி துள்ளி எழுந்தார். "அது என் சம்பளம்!"

"எந்தக் களஞ்சியத்திலிருந்து?"

மயிலேறி கடைசி ஓலையை உரக்கப் படித்தார். "'இக்களஞ்சியத்திலிருந்து ஒரு படி நெல் பெற்றவர் எவராயினும் மாணவரே. அவர் ஆண்டுக்கு நூறு வைத்தியச் செய்யுள் ஒப்பிக்க வேண்டும். தவறினால் பெற்ற நெல்லை இருமடங்காகத் திருப்பித் தர வேண்டும்.' எழுதியது யார்?"

"நான்தான். ஆனால் நான் மாணவன் இல்லை!"

"மாணவர் இல்லாதவர் மாணவர் நெல்லை எடுத்தால் அதற்கு வேறு பெயர் அல்லவா? காவலரைக் கூப்பிடட்டுமா?"

அதிகாரி இரண்டு கையையும் ஆட்டினார். "வேண்டாம், வேண்டாம்! நான் மா... மாணவன்தான்."

மன்னர் சிம்மாசனத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். "மூன்று வருஷம், முந்நூறு செய்யுள். எங்கே, பாம்புக்கடிக்கு ஒன்று சொல்லும், கேட்போம்."

அதிகாரி வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். காற்றுத்தான் வந்தது. மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவையே சிரித்தது. செங்கமலம் மட்டும் சிரிக்கவில்லை. மன்னர் அதைக் கவனித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

நாற்பத்தேழு ஓலையும் அன்றைக்கே அடுப்புக்குப் போயின. படிக்க வேண்டும் என்று வருகிறவருக்குச் சோறு போடு என்று ஒரே விதி எழுதினார்கள். அந்திக்குள் செங்கமலத்தின் பெயர் பதிந்தது. திருமேனிநாதர் இரட்டிப்பு நெல்லை அளந்தார். அதை வைத்து மேலும் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். ஐந்தாம் வருஷம் செங்கமலம் வைத்தியராகி ஊர் திரும்பினாள். அக்கரைக்காரர்கள் வைத்தியத்துக்காக ஆற்றைக் கடந்தது அத்தோடு நின்றது.

அன்று அவை கலையும்போது மன்னர் மயிலேறியின் தோளைத் தட்டி, "உமக்கு என்ன பரிசு வேண்டும்? கேளும்!" என்றார்.

"எது கொடுத்தாலும் சரி அரசே, அந்தக் களஞ்சியத்திலிருந்து மட்டும் வேண்டாம்" என்றார் மயிலேறி. "இந்த வயதில் நூறு செய்யுள் என்னால் ஆகாது."