மேடை திரும்பும் இடம்

ஆய்வுக்கூடம் ஒன்றில் ஓர் ஆசிரியையும் அவரது சீடரும் சேர்ந்து ஒரு கருவி செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியை பூங்கோதைக்கு வயது முப்பத்தொன்று. சீடர் எட்வின் செல்லையாவுக்கு ஐம்பத்தாறு. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். இதைக் கேட்டுப் புருவம் உயர்த்துகிறவர்கள் தாராளமாக உயர்த்திக்கொள்ளலாம். அவர்கள் இருவரும் உயர்த்தியதில்லை.

கருவியின் வேலை இது. உடலிலிருந்து எடுத்த திசுவை மெல்லிய சீவலாக்கிக் கண்ணாடித் தகட்டில் வைப்பார்கள். லேசர் அதைப் புள்ளி புள்ளியாகச் சுடும். சுட்ட இடத்திலிருந்து கிளம்பும் மூலக்கூறுகளின் நிறையை அளந்து, எது எங்கே இருக்கிறது என்று கருவி படம் போடும். லேசர் அசையாது. தகட்டைத் தாங்கிய சிறு மேடைதான் நகரும். ஒரு வரி வலப்பக்கம் போகும். அடுத்த வரிக்கு இடப்பக்கம் திரும்பி வரும்.

திரும்புகிற இடத்தில்தான் தகராறு. மேடையை ஓட்டும் திருகில் மயிரிழை அளவு தளர்வு. அதனால் ஒன்றுவிட்டு ஒரு வரி விலகி, படத்தின் ஓரமெல்லாம் ரம்பம் போல வந்தது.

மறுநாள் புற்றுநோய் மருத்துவமனையில் கருவிக்குச் சோதனை. மருத்துவமனைக்காரர்கள் ஒரு கருவியைத்தான் வைத்துக்கொள்வார்கள். போட்டிக்கு நிற்பது வெளிநாட்டுக் கருவி. நாக்கிலிருந்து வெட்டியெடுத்த புற்றின் ஓரத்தைப் படம் போட வேண்டும். வெட்டியது போதுமா, இன்னும் வெட்டணுமா என்று மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்.

காலையில் எட்வின் சிரித்த முகமாக வந்தார்.

“ரம்பம் ஒழிஞ்சது மேடம். ஒரு புரோகிராம் எழுதிட்டேன். ஒவ்வொரு வரியையும் மேல் வரியோட ஒப்பிட்டு, விலகியிருந்தா இழுத்து விட்டுடும்.”

“எவ்வளவு விலகிச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“தளர்வு வரிக்கு வரி மாறுது. அதனால அளவெல்லாம் வைக்கல. ஓரம் நேரா வர்ற வரைக்கும் இழுக்கும்.”

பூங்கோதை மேசையிலிருந்த நீல மார்க்கர் பேனாவை எடுத்தார். இப்படிப்பட்ட கருவியை முதலில் அதை வைத்துத்தான் சோதிப்பார்கள். லேசர் பட்டதும் அந்த மை தானாகக் கிளம்பும், திசு வீணாகாது. எட்வினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தகட்டில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, கருவிக்குள் வைத்து மூடினார்.

“என்ன மேடம், பரீட்சைப் பேப்பர் மாதிரி மறைக்கிறீங்க?”

“ஓட்டுங்க சார்.”

மேடை போவதும் வருவதுமாக இருந்தது. இருவரும் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது திரையில் ஒரு கோடு நின்றது. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக.

“இதைப் பார்த்தா வெளிநாட்டுக்காரன் வேலையை விட்டுட்டுப் போயிடுவான்” என்றார் எட்வின்.

பூங்கோதை தகட்டை வெளியே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அதிலிருந்த கோடு இப்படியும் அப்படியுமாக மடங்கி மடங்கி இறங்கியிருந்தது.

எட்வின் தகட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

“இது நியாயமில்ல மேடம். வேணும்னே கோணலாப் போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“புற்று ஓரம் இப்படியா இருக்கும்?”

“வேற எப்படி இருக்கும்?”

“அது… பார்த்தாத்தானே தெரியும்.”

“அதுக்குத்தானே சார் கருவி செய்யறோம்.”

எட்வின் அவ்வளவு சீக்கிரம் விடுகிற ஆள் இல்லை.

“அவங்க கருவி மட்டும் யோக்கியமா? உள்ளுக்குள்ள அது எதையெதை இழுத்து விடுதோ, யார் கண்டா?”

“அதை அவங்ககிட்ட கேளுங்க. நாம இழுத்தது நமக்குத் தெரியும்.”

“சரி, புரோகிராமை எடுத்துடறேன். ரம்பத்தோட போய் நின்னா வாசல்லயே திருப்பி அனுப்புவாங்க, பரவாயில்லையா?”

“ரம்பம் எதுக்கு? எல்லா வரியையும் இடமிருந்து வலமாவே சுடுங்க. திரும்பி வரும்போது சும்மா வரட்டும். தளர்வு ஒரே பக்கமா நின்னுக்கும்.”

“நேரம் ரெட்டிப்பாகும் மேடம். அவங்க ரெண்டு சீவல் முடிக்கிறப்போ நாம ஒண்ணு முடிப்போம். முதல்ல வேகத்தைத்தான் கேட்பாங்க.”

“கேட்பாங்க.”

“தோத்துடுவோம்.”

“தோக்கலாம்.”

எட்வினின் குரல் இறங்கியது. “இந்த மேடை நான் என் கையால கடைஞ்சது. உங்களுக்கு வயசிருக்கு, இது போனா இன்னொண்ணு செய்வீங்க. எனக்கு?”

பூங்கோதை அவர் கையிலிருந்த தகட்டை வாங்கி, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து மையைத் துடைத்தார்.

“நாளைக்கு வர்ற முதல் சீவல் யாரோட நாக்குன்னு விசாரிச்சேன் சார். காசிமேட்டுல மீன் ஏலம் கூவுற ஒரு அம்மாவாம்.”

எட்வின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேடையை இடமிருந்து வலமாக ஓட்டிப் பார்க்கத் தொடங்கினார்.