பேனா ஒன்று, மூடி ஒன்று

விமான எஞ்சினின் முதல் பகை பறவை என்று மக்கள் நம்பிவருகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள். இது திருத்தப்பட வேண்டிய பிழை. பறவைக்கு எஞ்சினை விட்டு விலகிப் பறக்கும் எண்ணமாவது உண்டு. சட்டைப்பையிலிருந்து நழுவும் பொருளுக்கு அப்படி எந்த எண்ணமும் கிடையாது. எனவே முதல் பகை சட்டைப்பை. குறிப்பாக, இடது மார்பின் மேல் தைக்கப்படுவது.

விமான எஞ்சின்களைப் பழுதுபார்த்து, ஓட்டிச் சோதித்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்துநான்கு. எண்கள் இடம் மாறிவிடவில்லை.

குருவின் பெயர் ஜெபக்கனி. டிப்ளமோ படித்தவர், சோதனைக்கூடத்தின் இன்ஸ்பெக்டர். சீடர் டாக்டர் மாசிலாமணி, ஆராய்ச்சிக்கூடத்தில் இருபத்துநான்கு ஆண்டுகள் எஞ்சின் பிளேடுகளின் அதிர்வை ஆராய்ந்தவர். நாற்பத்தொரு கட்டுரைகள் எழுதியிருந்தார். நாற்பத்தொன்றும் "மேலும் ஆய்வு தேவை" என்று முடிபவை.

அவர் சோதனைப் பிரிவின் தலைவராகத் தொழிற்சாலைக்கு வந்தார். தலைவரே ஆனாலும், எஞ்சினை ஓட்டச் சொல்லும் உரிமை வேண்டுமென்றால் அவருடைய படிவத்தில் இன்ஸ்பெக்டர் முத்திரை வைக்க வேண்டும். அது அந்த இடத்து விதி. மூன்று வாய்ப்புகள். மூன்றிலும் தவறினால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான். அங்கே அவருடைய நாற்காலியில் இப்போது அவருடைய மாணவர் உட்கார்ந்திருந்தார். உயரத்தையும் மாற்றிவிட்டாராம்.

முதல் நாள் சீடர் கேட்டார்: "ஆராய்ச்சிக்கும் தொழிற்சாலைக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"உங்க கட்டுரை தப்பாப் போனா என்ன ஆகும் சார்?"

"அதை மறுத்து இன்னொரு கட்டுரை வரும்."

"யாரு எழுதுவாங்க?"

"பெரும்பாலும் நானே."

குரு தன் முத்திரையை எடுத்துக் காட்டினார். ஒரு வட்டம், நடுவில் பதினேழு என்ற எண். காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.

"இது பதில் இல்லையே."

"கேள்வி பத்திரமா இருக்கட்டும் சார். முதல்ல எஞ்சினைப் பாருங்க."

எஞ்சினின் வாய்க்குள் ஊர்ந்து போகிறவர் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் காலையில் பட்டியலில் எழுத வேண்டும். வேலை முடிந்ததும் சரிபார்க்க வேண்டும். குரு எழுதினார்: டார்ச் ஒன்று, மூக்குக்கண்ணாடி ஒன்று, பேனா ஒன்று, மூடி ஒன்று.

"மூடி பேனாவோட ஒரு பகுதிதானே?" என்றார் சீடர்.

"கழலுமா கழலாதா சார்?"

"கழலும்."

"அப்ப ரெண்டு."

சீடர் எஞ்சினை மூன்று நாள் பார்த்தார். அறுபத்திரண்டு பக்கம் எழுதினார். குரு கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டினார்.

"ஓட்டலாமா சார்?"

"ஓட்டக் கூடாதுங்கிறதுக்கு ஆதாரம் எதுவும் இல்ல."

"ஓட்டலாமா?"

"அதிர்வெல்லாம் வரம்புக்குள்ளதான் இருக்கு. ஆனா…"

"இந்த 'ஆனா'வை எஞ்சின்ல எங்க சார் மாட்டணும்?"

முதல் வாய்ப்பு போனது.

இரண்டாவது முறை சீடர் பாடம் கற்றுக்கொண்டு வந்தார். ஒரே வரி எழுதியிருந்தார்: "ஓட்டலாம் எனக் கருதப்படுகிறது."

"யாரு கருதுறாங்க?"

"பொதுவா அப்படித்தான் எழுதுறது."

"பொதுவா-ங்கிறவர் எந்த ஷிப்ட் சார்? ஓடும்போது ஏதாச்சும் ஆனா அவரை எங்க போய்த் தேட?"

இரண்டாவதும் போனது. அன்று சீடர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன் செய்து, பேச்சுவாக்கில், நாற்காலியின் உயரத்தைப் பற்றி விசாரித்தார்.

மூன்றாவது வாய்ப்பன்று எஞ்சின்களை அனுப்பும் விமான நிறுவனத்திலிருந்து நான்கு விருந்தினர்கள் வந்தார்கள். தொழிற்சாலையின் துணைத் தலைவர் கோதண்டபாணி நேராக அவர்களைச் சோதனைக்கூடத்துக்கே அழைத்து வந்துவிட்டார். வாசலில் வருகைப் பதிவேடு இருந்தது, பேனா இல்லை. சீடரின் பேனாவை வாங்கினார்கள். அது ஆறு கை மாறித் திரும்பி வந்தது. சீடர் அதைப் பையில் செருகிக்கொண்டு எஞ்சினுக்குள் ஊர்ந்தார். பிளேடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்து, விருந்தினர்கள் முன் நிமிர்ந்து நின்றார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு டாக்டர்?" என்றார் கோதண்டபாணி. "பதினொன்றரைக்கு ஓட்டிக் காட்டிட்டு, பன்னெண்டரைக்குச் சாப்பாடு. மட்டன் சொல்லியிருக்கேன்."

பட்டியல் குருவின் கையில் மடித்தபடியே இருந்தது.

"ஓட்டலாமா சார்?"

சீடர் வாயைத் திறந்தார். அவர் கை, பழக்கத்தில், சட்டைப்பைக்குப் போனது. பேனா இருந்தது. மூடி இல்லை.

அவர் மூளை இருபத்துநான்கு ஆண்டுப் பயிற்சியின்படி வேலை செய்தது. மூடியின் எடை இரண்டு கிராம். பிளாஸ்டிக். உள்ளேதான் விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. விழுந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம். அருமையான கட்டுரைக்கு இதில் இடம் உண்டு. ஓட்டலாம் என்று சொன்னால் பகல் சாப்பாட்டுக்குள் முத்திரை கிடைத்துவிடும். யாரும் பையைப் பார்க்கவில்லை.

"வேண்டாம்," என்றார் சீடர்.

மேற்கொண்டு ஏதாவது வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

"வேண்டாமா? ஏன்யா?" என்றார் கோதண்டபாணி.

"பேனா மூடியைக் காணோம். எங்கேன்னு எனக்குத் தெரியல."

"பேனா மூடியா! நான் பத்து மூடி வாங்கித் தர்றேன் டாக்டர், எஞ்சினை ஓட்டுங்க!"

"பத்து வந்தா பதினொண்ணைத் தேடணும் சார்," என்றார் குரு. பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டு, எஞ்சினுக்குக் குறுக்கே சிவப்பு நாடாவைக் கட்டினார்.

நான்கு மணி நேரம் தேடினார்கள். நீளக் குழாயின் நுனியில் கேமராவை மாட்டி எஞ்சினின் குடல்வரை பார்த்தார்கள். தரையைக் கூட்டி, குப்பையைச் சலித்தார்கள். மட்டன் ஆறியது. விருந்தினர்களில் ஒருவர் மட்டும் குனிந்து உதவி செய்துகொண்டிருந்தார். மற்ற மூவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கோதண்டபாணி டாக்டரின் படிப்பைப் பற்றியும், அதற்கு அரசாங்கம் செய்த செலவைப் பற்றியும், நடந்துகொண்டே பேசினார்.

கடைசியில் குரு சொன்னார்: "எஞ்சின்ல இல்ல. இனி ஆளுங்களைப் பார்க்கணும். எல்லாரும் பாக்கெட்டைக் காட்டுங்க."

"என் பாக்கெட்டையுமா?"

"வாசல் தாண்டி வந்த எல்லாப் பாக்கெட்டும் சார்."

கோதண்டபாணி தன் மேல் உள்ள தூய நம்பிக்கையோடு சட்டைப்பையைக் கவிழ்த்தார். மேசை மேல் இரண்டு ஏலக்காய், ஒரு விபூதிப் பொட்டலம், மடித்த கைக்குட்டை, ஒரு நீல நிற மூடி.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்று கேட்டார்.

 உதவி செய்த விருந்தினர் வாசலிலிருந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்து இருமினார்.

குரு பட்டியலில் 'மூடி ஒன்று' என்பதற்கு எதிரே ஒரு குறி போட்டார். நாடாவை அவிழ்த்தார். நான்கரை மணிக்கு எஞ்சின் ஓடியது. நன்றாகவே ஓடியது. அதுதான் சீடரை மிகவும் வருத்தியது.

சத்தம் அடங்கியதும் அவர் குருவின் மேசைக்கு வந்து, முத்திரை இல்லாத தன் படிவத்தை வைத்தார்.

"நான் கிளம்புறேன்மா. மூணு வாய்ப்பும் போச்சு."

"மூணாவது எப்படிப் போச்சு?"

"எஞ்சின்ல ஒண்ணுமே இல்லையே. வேண்டாம்னு சொன்னது தப்பாத்தானே போச்சு? பாதி நாளைக் கெடுத்துட்டேன். மூடி உள்ள இல்லைன்னு நான் கண்டுபிடிச்சிருக்கணும்."

குரு முத்திரையை எடுத்தார். ஊதினார். படிவத்தில் அழுத்தினார். பதினேழு சற்றுச் சாய்ந்து விழுந்தது.

"எஞ்சினுக்குள்ள மூடி இருந்துச்சா இல்லையாங்கிறது ஆராய்ச்சி சார். நான் கேட்டது ஓட்டலாமான்னு."

சீடர் 'மேலும்' என்று தொடங்கினார், பிறகு படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மறுவாரம் வருகைப் பதிவேட்டில் ஒரு பேனா சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. மூடிக்குத் தனிக் கயிறு.