தகரப் பலகை

"அவர் ஏன் முப்பத்தொன்பது வயசுல சாகணும்?"

கேட்ட பொன்னுரங்கத்துக்கு எழுபது வயது. ஆற்றங்கரைக் குடிசையில் தனியாக இருந்த துறவி நாகம்மைக்கு நாற்பதுகூட இல்லை. யாரையும் சாமி என்று கும்பிட்டுப் பழக்கமில்லாதவர் பொன்னுரங்கம். அம்மா என்றுதான் அழைத்தார்.

அவர் கேட்டது தலைவர் கோதண்டத்தைப் பற்றி. நாடே அறிந்த பேச்சாளர். முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே படகுத்துறையில், இருபது பேர் ஏற வேண்டிய படகில் அவரோடு சேர்த்து ஐம்பது பேரை அடைத்தார்கள். நடு ஆற்றில் கவிழ்ந்தது. விசாரணை அதிகாரி விதி என்று எழுதிவிட்டுப் போனார்.

மூன்று மடங்களில் கேட்டாகிவிட்டது. ஒருவர் வினைப்பயன் என்றார். ஒருவர், நல்லவர்களை ஆண்டவன் சீக்கிரம் அழைத்துக்கொள்வான் என்றார். மூன்றாமவர் திருநீறு கொடுத்தார். பொன்னுரங்கம் அதை அந்த வாசலிலேயே உதறிவிட்டு வந்தார்.

"நீங்களாவது மழுப்பாமச் சொல்லுங்கம்மா."

"இன்னைக்கு அவர் நினைவு நாள்தானே? துறைக்குப் போகலாம்."

தலைவரின் உடல் ஒதுங்கிய அக்கரையில் நினைவுத்தூண் நின்றது. அதற்கு மாலை போடப் புறப்பட்ட கூட்டம் படகில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. விளிம்பில் பொன்னுரங்கத்தின் மகள், கைக்குழந்தையோடு. அப்பாவுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதாகக் கையசைத்தாள்.

"பார்த்தீங்களா, தலைவருக்குக் கூட்டம் இன்னும் குறையலை" என்றார் பொன்னுரங்கம்.

நாகம்மை கரையில் நின்ற தகரப் பலகை அருகே போனார். அதன்மேல் கோதண்டத்தின் சுவரொட்டி, பசை காயாமல் ஒட்டியிருந்தது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். தலைவரின் முகம் இரண்டாகக் கிழிந்தது.

பொன்னுரங்கத்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"யார் படத்துல கை வைக்கிறீங்க? போலீஸ்காரன்கூட இதைத் தொட்டதில்லை."

"இந்தப் பலகையை இங்கே யார் வச்சது?"

"நான். பதினோரு நாள் உண்ணாவிரதம் இருந்து சர்க்கார்கிட்ட வாங்கினது."

"படிங்க."

"இருபது பேருக்கு மேல்..."

அதற்குள் அவர் கண் படகிலிருந்த தலைகளை எண்ணத் தொடங்கியிருந்தது.

படகுக்காரன் படகைத் தள்ளக் கழியைக் கரையில் ஊன்றினான்.

நாற்பது வருடம் வாழ்க, ஒழிக என்று முழங்கிய தொண்டை. அன்று அதிலிருந்து ஒரே சொல்தான் வந்தது.

"இறங்குங்க."