சிட்டிகையும் கைப்பிடியும்

முன்னொரு காலத்திலே செம்பாறை நாட்டை மாறவேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் யார் கடைசியாகப் பேசினாரோ அவர் சொன்னதே ஆணையாகிவிடும்.

அயல்நாட்டு வைத்தியர் ஒருவர் அரிய மருத்துவச் சுவடியோடு வந்திருந்தார். அவர் ஊர் திரும்பப் பத்தே நாள். அதற்குள் நகல் எடுக்கும் பொறுப்பு எழுத்தர் தலைவி வெண்ணிக்கு. நாழிகைக்கு ஒருமுறை அவள் எழுத்தர்கள் பன்னிரண்டு பேரையும் எழுப்புவாள். எல்லோரும் எழுத்தாணியை வைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள்.

அவள் பதவியைத் தன் மைத்துனனுக்குக் கேட்டு ஏமாந்தவர் அரண்மனை அதிகாரி கூத்தபிரான். "மகாராஜா, எழுதச் சொன்னால் உலாத்துகிறார்கள்!" என்று போட்டுக்கொடுத்தார்.

ராஜா சீறினார். "நாளை பொழுது சாயும்வரை எழுத்து மண்டபத்தில் ஒருவரும் எழக்கூடாது. எழுந்தால் வேலை போச்சு!"

"உத்தரவு மகாராஜா," என்றாள் வெண்ணி. "ஆணை சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஐயாவும் எங்களோடு உட்காரட்டும்."

"அதற்கென்ன, உட்காருகிறேன்!" என்றார் கூத்தபிரான்.

மறுநாள் பிற்பகல், வைத்தியரோடு ராஜா வந்தார். ஒருவரும் எழவில்லை.

"ராஜா வந்தால் எழமாட்டீர்களா?" என்று ராஜாவே கேட்டார்.

"எழுந்தால் வேலை போய்விடுமே, மகாராஜா!" என்றாள் வெண்ணி.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூத்தபிரானே, நீர் எழும்." அவர் முக்கினார், முனகினார். கால் மரத்து, இடுப்பு பிடித்துக்கொண்டு, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். காவலர் இருவர் தூக்கி நிறுத்தினார்கள்.

வெண்ணி மட்டும் சிரிக்கவில்லை. ஓர் ஓலையை வைத்தியரிடம் நீட்டினாள். "சற்றுமுன் எழுதியது. மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்."

வைத்தியர் சுவடியை விரித்து இரண்டையும் ஒப்பிட்டார். "நாபி நஞ்சு ஒரு சிட்டிகை என்பது ஒரு கைப்பிடி என்றிருக்கிறது! சாப்பிட்டவர் பிழைக்கமாட்டார்."

"எந்த நோய்க்கான மருந்து?" என்றார் ராஜா.

"தங்களுக்கு இருக்கிறதே, அந்த மூட்டுவலிக்கு."

ராஜாவின் முகம் வெளுத்தது. "யார் எழுதியது?"

"நான்தான், மகாராஜா. பதினெட்டு வருஷத்தில் இப்படிப் பிழைவிட்டதில்லை. இன்று முதுகுவலியில் எழுத்தே கண்ணில் நிற்கவில்லை. திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது."

மறைத்திருக்கலாம், அவள் மறைக்கவில்லை. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "தவறு என் ஆணையில். இனி இந்த மண்டபத்தில் உன் சொல்தான் ஆணை. கூத்தபிரானே, இவர்களிடம் மன்னிப்புக் கேளும்."

கூத்தபிரான் இடுப்பைப் பிடித்தபடியே பன்னிரண்டு பேரையும் தலைவியையும் கும்பிட்டார்.

"எல்லோரும் எழுங்கள்," என்றாள் வெண்ணி.

பதின்மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நெட்டி முறித்த சத்தம் கொலுமண்டபம் வரை கேட்டதாம்!