மரங்கொத்தி அச்சடித்த சிறுத்தை

நாவல்குட்டைக் காட்டில் உளியன் என்றொரு மரங்கொத்தி இருந்தது. படம் செதுக்கி அச்சடிப்பது அதன் தொழில். பலகையில் அலகால் கொத்திப் படம் செதுக்கும். நாவல்பழச் சாற்றை அதன்மேல் பூசும். ஒரு தேக்கிலையை மேலே விரித்துவிட்டு, "கருப்பாயி அக்கா!" என்று குரல் கொடுக்கும். கருப்பாயி என்ற யானை ஆடி அசைந்து வந்து, ஒரு காலைத் தூக்கி இலைமேல் வைத்து எடுக்கும். இலையில் படம் ஏறிவிடும். கருப்பாயி கோபமாக இருக்கும் நாட்களில் பலகையும் சேர்ந்து மண்ணுக்குள் போய்விடும். அதைத் தோண்டி எடுப்பது தனி வேலை.

உளியனின் படங்களில் பெரிய நயம் என்று எதுவும் கிடையாது. தடித்த கோடு, உருண்டை முழி, அவ்வளவுதான். ஆனால் முயல் முயலாக இருக்கும், நரி நரியாக இருக்கும். நரிக்கு மட்டும் அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அந்தக் கோடையில் ஓடையெல்லாம் வற்றிப்போனது. குட்டையில் மட்டும்தான் தண்ணீர். குட்டைக் கரையில் யாரும் யாரையும் கடிக்கக் கூடாது என்பது காட்டின் கட்டுப்பாடு. புலிகூட அதை மதித்து, ஓரமாக நின்று குடித்துவிட்டுப் போகும். கரையைத் தாண்டிய பிறகு அவரவர் சாமர்த்தியம்.

இந்தக் கட்டுப்பாட்டை ஒரு சிறுத்தை மீறியது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மான்குட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. எல்லோரும் தலைதெறிக்க ஓடியதில் அதன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. மரத்தின்மேல் இருந்த உளியன் மட்டும் நன்றாகப் பார்த்தது. இடது காது பாதி கிழிந்த சிறுத்தை.

குட்டியைப் பறிகொடுத்த மான் பொன்னரசி அழுதுகொண்டே உளியனிடம் வந்தது.

"உளியண்ணே, எனக்கு இருக்கிறது இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். அது தாகத்துல சாகவும் கூடாது, தண்ணிக்குப் போய்ச் சாகவும் கூடாது. அவன் மூஞ்சிய எல்லாரும் பாக்கிற மாதிரி போட்டுக் குடு."

காட்டில் வேறு ஏழெட்டுச் சிறுத்தைகளும் இருந்தன. ஒருவன் செய்ததற்காக அத்தனையையும் தாகத்தில் தவிக்கவிட முடியாது. ஆகவே படத்தில் இருக்கும் சிறுத்தையை மட்டும் கரையில் விடுவதில்லை என்று முடிவானது. காவலுக்குக் கருப்பாயி நிற்பதாகப் பேச்சு.

உளியனுக்குப் பொறுப்பு புரிந்தது. அன்றே வேலையை ஆரம்பித்தது. வழக்கம்போல ஓர் இலையில் கரியால் சிறுத்தையை வரைந்தது. அந்த இலையைக் கவிழ்த்துப் பலகைமேல் ஒற்றியெடுக்கப் போன நேரத்தில் பூநாரை வந்து நின்றது.

பூநாரை பல ஏரிகளைப் பார்த்த பறவை. பார்த்ததைவிட அதிகமாகப் பேசும். ஒற்றைக் காலில் நின்றபடி, பலகையை மேலும் கீழும் பார்த்தது.

"இன்னுமா இலையைக் கவுத்து ஒத்தி எடுக்கிறீங்க? இது படியெடுக்கிற வேலை, கலை இல்ல. கண்ணுல பட்டதைப் பட்டபடியே பலகையில கொத்தணும். யோசிக்கவே கூடாது. அந்த வேகம்தான் பாணி. எங்க ஏரிப் பக்கம் இப்ப எல்லாரும் அப்படித்தான்."

தடித்த கோடு போட்டால் தாயக்கட்டம் மாதிரி இருக்கிறது என்றும் சொன்னது. உளியனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் நாவல்பழச் சாற்றில் மூழ்கிக் கிடந்தும் தனக்கென்று ஒரு பாணி இல்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. கரி இலையைத் தூக்கிக் கடாசியது. கண்ணை மூடி அந்தச் சிறுத்தையை நினைத்தது. கண்ணைத் திறந்து, நினைத்தபடியே நேராகப் பலகையில் கொத்த ஆரம்பித்தது. டக டக டக என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டது.

படம் அபாரமாக வந்திருந்தது. மெல்லிய கோடுகளில் சிறுத்தை பாயப் பார்த்தது. ஒரு முயல் அதைப் பார்த்து மயங்கியே விழுந்தது. உளியனுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. கரையோரம் இருந்த மரங்களில் எல்லாம் படத்தை மாட்டிவிட்டு, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் ஒன்றைச் சொல்லிக்கொண்டு திரிந்தது.

"என் படத்தை நம்புங்க. யாரு வாயையும் நம்பாதீங்க, என் வாயையும் சேத்துத்தான் சொல்றேன்."

நான்காம் நாள் காலையில் சிறுத்தை வந்தது. ஓடி ஒளியவில்லை. நேராக மரத்தடிக்குப் போய், படத்தின்முன் நின்று ரசித்துப் பார்த்தது. கருப்பாயி தும்பிக்கையை நீட்டி மறித்தது.

"வேலைப்பாடு பிரமாதம்" என்றது சிறுத்தை. "ஆனா இவன் நான் இல்லீங்களே. இவனுக்கு வலது காது கிழிஞ்சிருக்கு. எனக்கு இடது காது. படத்தை நம்புங்க, வாயை நம்பாதீங்கன்னு செதுக்கினவரே சொல்லியிருக்காராமே."

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், சிறுத்தையைப் பார்த்தார்கள். எதிரே நிற்பவருக்கு எது இடது என்று முயல் இரண்டு தரம் திரும்பி நின்று சரிபார்த்தது. சந்தேகமே இல்லை. படத்தில் வலது, ஆளுக்கு இடது. கருப்பாயி அரைமனதாகத் தும்பிக்கையை இறக்கியது. பொன்னரசிகூட, படம்தான் சொல்கிறதே என்று தலையாட்டியது. அதன் குட்டி தாகம் தாங்காமல் தண்ணீரை நோக்கி நடந்தது. சிறுத்தையும் அதே பக்கமாக, அவசரமே இல்லாமல் நடந்தது.

மரத்தின்மேல் இருந்த உளியன் படத்தை உற்றுப் பார்த்தது. என்ன நடந்தது என்று அதற்கு மட்டும் புரிந்துவிட்டது. நேராகச் செதுக்கினால் அச்சில் இடம் வலமாகும், வலம் இடமாகும். நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்கும் தெரிந்த சங்கதி. அதற்காகத்தானே இலையைக் கவிழ்த்து ஒற்றியெடுப்பது! ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட பிறகு இதைச் சொன்னால் இனி எவன் மதிப்பான்?

மரத்தடிக்கு வந்த பூநாரை, நீண்ட கழுத்தை உயர்த்திக் காதோடு காதாக ஆறுதல் சொன்னது.

"சும்மா இருங்க. கலைஞன் விளக்கம் சொல்லக் கூடாது. வலது காதுங்கிறது உங்க பார்வை."

உளியன் கீழே பார்த்தது. குட்டி தண்ணீரில் வாய் வைத்துவிட்டது. அதற்கும் சிறுத்தைக்கும் நடுவே நாலு எட்டுதான் இருந்தது.

"பார்வையும் இல்ல, பாக்கும் இல்ல!" என்று கத்திக்கொண்டே உளியன் கீழே பாய்ந்தது. "அக்கா, அவனை மறி! அவன்தான். நான் தப்பாச் செதுக்கிட்டேன்."

கருப்பாயி இரண்டே எட்டில் குறுக்கே வந்து நின்றது. பொன்னரசி ஓடிப்போய்க் குட்டியை இழுத்துக்கொண்டது. சிறுத்தை மட்டும் கொஞ்சமும் அசையவில்லை. நேற்று ஒரு பேச்சு, இன்று ஒரு பேச்சு, வாயை நம்பாதே என்று சொன்னதே இந்த வாய்தானே என்று சிரித்தது. நியாயம்தானே என்று சிலர் முணுமுணுக்கவும் செய்தார்கள்.

உளியன் வாதாடவில்லை. பொந்துக்குப் போய்ப் பலகையை எடுத்து வந்து நடுவில் போட்டது. பலகைச் சிறுத்தைக்கு இடது காதுதான் கிழிந்திருந்தது. எல்லோரும் பார்க்க, பலகையின் வலது மூலையில் ஆழமாக ஒரு கொத்துக் கொத்தியது. சாற்றைப் பூசி, புது இலையை விரித்தது.

கருப்பாயி காலை வைத்து எடுத்தது. இலையைத் தூக்கிப் பார்த்தால், கொத்தின வடு இடது மூலையில் இருந்தது. காதும் பக்கம் மாறியிருந்தது. முயல் மறுபடி இரண்டு தரம் திரும்பி நின்று பார்த்துவிட்டு, "ஆமா, மாறித்தான் விழுது" என்றது.

சிறுத்தைக்கு முகம் வெளுத்தது. இது வெறும் தற்செயல், பலகையில் ஏதோ கோளாறு என்று இழுத்தது.

கருப்பாயி மெல்ல முன்காலைத் தூக்கியது. பாதத்திலிருந்து நாவல்பழச் சாறு சொட்டியது.

"சந்தேகமா இருந்தா பலகை எதுக்கு தம்பி? நீயே படு. நேரா உன் மேலயே ஓர் அச்சு எடுத்துப் பாத்துருவோம்" என்றது.

சிறுத்தை ஓடிய ஓட்டத்தில் அடுத்த காட்டில்தான் நின்றதாகக் கேள்வி. பூநாரையும் எந்த ஏரியோ ஞாபகம் வந்து அன்றே கிளம்பிவிட்டது.

ஒரு வாரம் காடே உளியனைக் கேலி செய்தது. போகிற வருகிற குரங்கெல்லாம் தலைகீழாகத் தொங்கி, "படம் இப்பச் சரியா இருக்கா அண்ணே?" என்று கேட்டது. உளியன் பல்லைக் கடிக்க வழியில்லாமல் அலகைக் கடித்துக்கொண்டது. ஆனால் பொன்னரசியின் குட்டி தினமும் வந்து தண்ணீர் குடிப்பதை மேலிருந்து பார்க்கும்போது, அந்தக் கேலி அதற்கு ஒன்றுமே செய்யவில்லை. மெல்லிய கோடு உண்மையிலேயே பிடித்துப்போனதால் அதை மட்டும் வைத்துக்கொண்டது. இலையைக் கவிழ்த்து ஒற்றியெடுப்பதை அதன்பிறகு ஒருநாளும் விட்டதில்லை.

புதுப் பாணி எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும். ஆனால் தன் கை செய்த பிழையைத் தன் வாயாலேயே நாலு பேர் அறியச் சொல்லத் துணிகிறவனைத்தான் நல்ல தொழில்காரன் என்று உலகம் நம்பும்.