பெரிய குழாய் போட்ட அண்ணாச்சி

கல்யாண மண்டப முதலாளி சொர்ணமுத்து அண்ணாச்சி, வேகம் கூடுமென்று காரில் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சாருக்குத் தன் கையாலேயே பெரிய குழாய் மாட்டினார். கார் திக்கித் திக்கி ஓடியது. அவருக்குச் சொந்தமான இடத்தில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் செல்லக்கனியிடம் வந்து நின்றார்.

"வண்டி சரியா ஓடணும். ஆனா நான் போட்ட குழாயை நீ தொடக் கூடாது. முடியலைன்னா ஷெட்டைக் காலி பண்ணு."

"சரி அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். உங்க மண்டப வாசல்ல ஒருத்தன் தலையை எண்ணிச் சொல்லுதான்னு வச்சுக்கிடுங்க. சமையல்காரர் அதுக்குத் தக்கன சோறு வடிக்காரு. எவனோ வாசலை இடிச்சு அகலமாக்கினதும் பாதிப் பேர் அவன் கண்ணுல படாமலே உள்ள போயிருதாங்க. சோறு பத்தலை. யார் தப்பு?"

"வாசலை இடிச்சவன் தப்பு. அவன் கையாலேயே அடைக்க வைப்பேன்."

செல்லக்கனி ஸ்பேனரை நீட்டினாள்.

"எண்ணுதவன் சென்சாரு, சோறு பெட்ரோலு. இந்தாங்க அண்ணாச்சி. உங்க குழாயை நான் தொடவே மாட்டேன்."