பேர் வெட்டாத தட்டு

குரு-சீடன் கதைன்னு சொன்னதும் நீங்க என்ன எதிர்பார்க்குறீங்கன்னு தெரியும். ஒரு மலை. மலையில ஒரு மரம். மரத்தடியில ஒரு தாடி. தாடிக்குள்ள ஒரு சிரிப்பு. சீடன் கையைக் கட்டிக்கிட்டு, "குருவே, உண்மை என்பது யாது?"ன்னு கேட்பான். குரு ஒரு கல்லை எடுத்துக் குளத்துல போடுவாரு. ப்ளக்! சீடனுக்கு ஞானம் வந்துடும். நீங்களும் "ஆஹா"ன்னு சொல்லிட்டு காப்பி குடிக்கப் போயிடுவீங்க.

இங்க மலை கிடையாது. குளம் இருக்கு, தண்ணி இல்ல. தாடியும் இல்ல, ஏன்னா குரு ஒரு பொம்பளை. என்ன, முகம் சுருங்குது? உக்காருங்க.

விருத்தாசலத்துலேர்ந்து கடலூர் போற ரோட்டு மேல ஒரு சின்ன மடம். பார்த்துக்கிறவங்க சௌந்தரவல்லி அம்மா. வயசு நாப்பத்தஞ்சு. மத்தியானம் யார் வந்தாலும் இலை போட்டு சாப்பாடு. சாப்பாடு தாராளம், பேச்சு சிக்கனம்.

சீடன்னு சொல்ல வாய் வரல, சீடர்னு வச்சுக்குங்க. வயசு அறுபத்தொண்ணு. ரிட்டையர்டு போஸ்ட் மாஸ்டர் பூவராகன். ஆறு வருசமா சனிக்கிழமை தவறாம மடத்துக்கு வர்றவரு. அம்மாவே அவரை "சார்"னுதான் கூப்பிடுவாங்க.

பூவராகனுக்கு எல்லாத்துலயும் கருத்து உண்டு. காலையில காப்பி உள்ள போகும், கருத்து வெளிய வரும். போனை வாய்க்கு நேரா தோசைத்திருப்பி மாதிரி பிடிச்சுக்கிட்டு, முதல்ல தொண்டையைக் கனைப்பாரு. "க்க்ஹும்." அப்புறம் குரலை ரெண்டு படி கீழ இறக்கி, "பூவராகன் பேசுகிறேன்." திங்கள் விஞ்ஞானம், செவ்வாய் மொழி, புதன் பண்பாடு, மத்த நாலு நாளும் அரசியல். பதினோரு வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும். அந்தக் கனைப்பு கேட்டாலே எதிர்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திட்டு, "சார் எழுந்துட்டாரு, மணி ஏழு"ன்னு உலை வைப்பாங்க.

அன்னைக்கு சனிக்கிழமை. பந்தி முடிஞ்சு இலை எடுத்தாச்சு. மடத்துக் கூடத்துல ஒரு மூலையில, பாத்திரத்துல பேர் வெட்டுற சகாயம் உக்காந்திருந்தாரு. மடத்துக்குத் தட்டும் டம்ளரும் யாராச்சும் குடுத்துக்கிட்டே இருப்பாங்க. 'உபயம்: இன்னார்'னு அதுல வெட்டணும். சகாயம் கையில பேனா மாதிரி ஒரு மெஷின். அது பாட்டுக்கு கிர்ர்ர், கிர்ர்ர்னு ஓடிக்கிட்டிருந்துச்சு.

பூவராகன் வந்தாரு. சாப்பிடல. நேரா வந்து அம்மா முன்னாடி உக்காந்தாரு.

"அம்மா, ஒரு தீர்ப்பு சொல்லணும்."

"தண்ணி குடிங்க சார்."

குடிச்சாரு. "கடலூர் கலியபெருமாளைப் பத்தி சொல்லியிருக்கேன்ல?"

"ஆறாங்கிளாஸ்லேர்ந்து ஒரே பெஞ்சு."

"அவனேதான். மூணு வருசமா பேச்சில்ல. நேத்து அவன் சம்சாரம் ருக்மணி போன் பண்ணுச்சு." இங்க பூவராகன் கனைச்சாரு. கனைப்பு சரியா வரல. "அவனுக்குத் தொண்டையில கட்டி. திங்கக்கிழமை ஆபரேஷன். குரல்வளையையே எடுக்குறாங்களாம். அதுக்கப்புறம் மாசக்கணக்குல பேச்சு இருக்காது. அப்புறம் பேசுனாலும் கழுத்துல ஒரு மெஷினை வச்சுத்தான் பேசணுமாம். 'அண்ணே, அவருக்குக் குரல் இருக்கும்போதே ஒருதடவை வந்து பேசிட்டுப் போயிடுங்க'ன்னு அழுவுது."

சகாயத்தோட மெஷின் ஒரு நொடி நின்னுட்டு, மறுபடியும் கிர்ர்ர்.

"போக வேண்டியதுதான சார்?"

"எப்படிம்மா போறது? என்ன நடந்துச்சுன்னு முழுசா கேளுங்க. ஸ்கூல்ல ஒண்ணாப் படிச்சவங்க குரூப்பு. அவன் ஒருநாள், போன்ல ஒரு மெஷின் தமிழ்ல நியூஸ் படிக்கிறதைப் போட்டு, 'கேளுங்கடா, என்னமா தமிழ் பேசுது!'ன்னான். நான் என் கருத்தைச் சொன்னேன். அவன் அவன் கருத்தைச் சொன்னான். அங்கேர்ந்து மொழிக்குப் போச்சு. மொழிலேர்ந்து பண்பாட்டுக்கு. பண்பாட்டுலேர்ந்து எலெக்‌ஷனுக்கு. கடைசியில, 'உனக்குச் சொந்தமா ஒரு நெனப்பு இருக்காடா?'ன்னு கேட்டான். நாப்பது பேர் முன்னாடி! நான் குரூப்பை விட்டு வெளிய வந்துட்டேன்."

"இப்ப என்கிட்ட என்ன கேட்கிறீங்க?"

"நாலு விசயத்துலயும் யார் சொன்னது சரின்னு நீங்க சொல்லிடுங்க. என்மேல தப்புன்னா இப்பவே போய் மன்னிப்பு கேட்கிறேன். அவன்மேல தப்புன்னா, குரல் இருக்கும்போதே அவன் கேட்கட்டும்."

அம்மா அவர் கையில இருந்த டம்ளரைப் பார்த்தாங்க. "அது யாருது சார்?"

பூவராகன் திருப்பிப் படிச்சாரு. "உபயம், கோ. மங்கையர்க்கரசி, நெய்வேலி."

"நல்லா இருந்துச்சா தண்ணி?"

"இருந்துச்சு."

"சகாயம், அந்தப் பழைய தட்டு அஞ்சு கிடக்குதே, பேர் இல்லாதது. எடுத்துக்கிட்டு வாங்க."

சகாயம் மெஷினும் வயருமா பக்கத்துல வந்து உக்காந்தாரு. அம்மா அஞ்சு தட்டையும் வரிசையா வச்சாங்க.

"சார், உங்க கருத்தை ஒண்ணொண்ணா சொல்லுங்க. ஒண்ணுக்கு ஒரு தட்டு. யாருதுன்னு பேர் வெட்டிடுவோம்."

பூவராகனுக்குக் குஷி வந்துடுச்சு. தட்டுல தன் பேரா! நிமிர்ந்து உக்காந்தாரு. "க்க்ஹும். விஞ்ஞானம். மெஷின் பேசுறது தமிழே இல்ல. உயிர் இல்லாத தொண்டையிலேர்ந்து வர்ற சத்தம் வெறும் இரைச்சல்."

சொல்லி முடிச்சதும் அவருக்கே என்னமோ மாதிரி ஆயிடுச்சு. டம்ளரைக் கீழ வச்சாரு.

அம்மா முதல் தட்டை சகாயம் கையில குடுத்தாங்க. "இதை முதல்ல யார் சொல்லிக் கேட்டீங்க?"

"நானாத்தான்..."

"யோசிச்சு சொல்லுங்க. வெட்டுனா அழிக்க முடியாது."

"ஆமா சார், அழிக்க முடியாது"ன்னாரு சகாயம். "தேய்ச்சா தட்டு ஓட்டையாயிடும்."

பூவராகன் மோட்டுவளையைப் பார்த்தாரு. "என் மச்சினன். பெங்களூர்ல வேலை பார்த்தான். அவன் இடத்துல மெஷினைப் போட்டு அவனை அனுப்பிட்டாங்க. அந்தக் கடுப்புல எங்க வீட்டுக்கு வந்து உக்காந்து ஒருநாள் முழுக்க..."

"பேரு?"

"சடகோபன்."

கிர்ர்ர். உபயம்: சடகோபன், பெங்களூர்.

"அடுத்தது?"

"மொழி. கலப்பில்லாம பேசுறவனுக்குத்தான் மொழிப்பற்று. அவன் வாயைத் தொறந்தா பாதி இங்கிலீஷு."

"யார் சொன்னது?"

"எட்டாங்கிளாஸ் தமிழய்யா. தினம் சொல்லுவாரு. நாகலிங்கம் அய்யா." சொல்லிட்டு அவரே சேர்த்துக்கிட்டாரு, "ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து சொல்லுவாரு."

கிர்ர்ர்.

"பண்பாடு?"

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு மரியாதை தெரியல. அவன் அதுக்கு, 'நாம மட்டும் தெரிஞ்சா இருந்தோம்?'ன்னான்."

"இது யாரு?"

"கல்யாண வீட்டுல பக்கத்து இலையில உக்காந்திருந்த ஒருத்தர். பேர் தெரியாதும்மா."

சகாயம் நிமிர்ந்தாரு. "அப்ப என்னன்னு வெட்ட?"

"பக்கத்து இலைன்னு வெட்டுங்க"ன்னாங்க அம்மா.

கிர்ர்ர். சகாயத்துக்குத் தோள் குலுங்குச்சு. சிரிப்பை மூக்கு வழியா விட்டுக்கிட்டே வெட்டுனாரு.

"அரசியல் சார்?"

"அது யாரும் சொல்லித் தரல!" பூவராகன் குரல் ஏறிடுச்சு. "நாப்பது வருசமா ஒரே சின்னம். ஒரு எலெக்‌ஷன்ல கூட மாறினதில்ல. அவன் மூணு தடவை மாத்திப் போட்டிருக்கான். கேட்டா, 'யோசிச்சுப் போட்டேன்'ங்கிறான்."

"முதல் ஓட்டு யாரோட போனீங்க?"

"எங்கப்பாவோட."

"என்ன சொன்னாரு?"

பூவராகன் அவங்கப்பா மாதிரியே சொன்னாரு. வெத்தலை போட்ட வாய், கீழ்த்தாடை முன்னாடி வந்துடுச்சு. "'மேலேர்ந்து ரெண்டாவது. குத்திட்டு வா.'"

சகாயம் தட்டை எடுத்தாரு. "அப்பா பேரு சார்?"

"ராமானுஜம்."

கிர்ர்ர்.

நாலு தட்டு ஆச்சு. அஞ்சாவது பளபளன்னு வெறுமனே கிடந்துச்சு. அதுல பூவராகன் மூஞ்சி கொஞ்சம் கோணலாத் தெரிஞ்சுது.

"எனக்கு ஒண்ணு கூட இல்லையாம்மா?"

"தட்டு இருக்கே சார். உங்களுதுன்னு ஒண்ணு சொல்லுங்க. வெட்டிடுவோம்."

பூவராகன் வேகமா, "கலியபெருமாள் திமிரு புடிச்சவன். அடுத்தவன் பேச்சைக் கேட்கவே மாட்டான். இது என் அனுபவம்!"ன்னாரு.

"கடைசியா எப்ப அவர்கிட்ட பேசி, அவர் கேட்காம இருந்தாரு?"

"மூணு வருசமா நான் எங்க பேசுனேன்?"

சொல்லிட்டு, தான் சொன்னது தன் காதுலயே விழுந்து, வாயை மூடிக்கிட்டாரு.

சகாயம் வெட்ட எடுத்த தட்டைக் கீழ வச்சுட்டாரு.

"அவர் குரல் எப்படி சார் இருக்கும்?"ன்னு கேட்டாங்க அம்மா.

பூவராகன் மெதுவாச் சிரிச்சாரு. "அவன் குரலா? எந்தக் குரலைக் கேட்கிறீங்க? ஆறாங்கிளாஸ்ல எனக்கு அம்மை போட்டு இருபது நாள் பள்ளிக்கூடம் போகல. அட்டெண்டன்ஸ்ல ஒருநாள் கூட ஆப்செண்ட் இல்ல. தினம் வாத்தியார் 'பூவராகன்'னு கூப்பிட, அவன் பெஞ்சுக்கடியில குனிஞ்சு, என் குரல்லயே, அந்தக் கனைப்போட, 'க்க்ஹும். உள்ளேன் ஐயா.' அப்புறம் நிமிர்ந்து உக்காந்து, அவன் பேர் வந்ததும் அவன் குரல்ல ஒண்ணு. இருபது நாள். வாத்தியார் கண்டுபிடிக்கல. நான் திரும்பி வந்து நெசமாவே 'உள்ளேன் ஐயா'ன்னதும், 'யார்றா அது, குரலை மாத்திப் பேசுறது?'ன்னு எனக்கு அடி விழுந்துச்சு."

அம்மாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. சகாயம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

பூவராகன் மட்டும் பாதியில நிறுத்திட்டாரு. "அந்தக் குரலைத்தான் எடுக்குறாங்க."

அடுப்படியில யாரோ அண்டாவை உருட்டுனாங்க.

"மூணு மணிக்கு கடலூர் பஸ்"ன்னாங்க அம்மா. "கை காட்டுனா நம்ம வாசல்லயே நிக்கும்."

பூவராகன் மணியைப் பார்த்தாரு. ரெண்டே முக்கால். வேட்டியை இழுத்து விட்டுக்கிட்டாரு. எந்திரிக்கிற மாதிரி ஒரு காலை மடக்குனாரு. அப்புறம் நீட்டிக்கிட்டாரு.

"இன்னைக்கு சனிக்கிழமை பாருங்க."

"ஆமா."

"நாளைக்கு அட்மிட் ஆகுற அவசரம். சாமான் கட்டணும், சொந்தக்காரங்க வருவாங்க. நாம வேற போய் நடுவுல நின்னுக்கிட்டு."

"ம்."

"திங்கக்கிழமை ஆபரேஷன். தியேட்டருக்குள்ள போற மனுசனை அழவைக்கக் கூடாது. பிரஷர் ஏறிடும்."

அம்மா அவரையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

"அதனால..." பூவராகனுக்கு வழி கிடைச்சுடுச்சு. குரல் பழையபடி ரெண்டு படி இறங்கி, காலையில ஏழு மணிக்கு வர்ற மாதிரியே வந்துச்சு. "க்க்ஹும். செவ்வாய்க்கிழமை போறேம்மா. அதுதான் முறை. ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கிட்டு, பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு, மூணு வருசமா மனசுல இருக்கிறதை எல்லாம் பொறுமையா எடுத்துச் சொல்றேன். அவனும் நிதானமா கேட்பான். நானும் மன்னிச்சுடுவேன்."

வேற டம்ளர்ல கிர்ர்னு ஆரம்பிச்ச மெஷின் நின்னுச்சு. சகாயம் தலையைத் தூக்குனாரு. அவர் பாட்டுக்கு, யார்கிட்டயும் இல்லாத மாதிரி, வாய் தவறி வந்த மாதிரி சொல்லிட்டாரு:

"செவ்வாய்க்கிழமை அவரால பதில் பேச முடியாதே சார். அதுக்குத்தான் காத்திருக்கீங்களா?"

சொன்னதும் சகாயம் நாக்கைக் கடிச்சுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாரு. அம்மா அவரை அதட்டல.



தூரத்துல பஸ் ஹாரன் கேட்டுச்சு.

பூவராகன் அஞ்சாவது தட்டைக் கையில எடுத்து, சகாயம் பக்கம் நகர்த்தி வச்சு, கனைக்காம, "இது உங்க பேருக்கு"ன்னாரு. அப்புறம் எந்திரிச்சு வாசலுக்குப் போய், கால்ல கிடைச்ச செருப்பை, யாருதுன்னு கூடப் பார்க்காம மாட்டிக்கிட்டு ஓடுனாரு.